மிதியை விட்டும் அடங்காத எங்கள் வீரா

அன்று வியாழக்கிழமை. காப்பாரிலிருந்து கிள்ளானுக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு அவருக்குக் கண் மருத்துவரிடம் முன்பதிவு. முன்னால் விளக்கு மஞ்சளுக்கு மாறியது. எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தேன். வண்டி வேகம் குறையவில்லை. இன்ஜின் அதே வேகத்தில் உறுமியபடியே இருந்தது.

விளக்கு சிவப்பாகிவிட்டது. எதிரே இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றுகொண்டிருந்தன. ஒன்றின் பின்னிருக்கையில் நீலப் பையோடு ஒரு பள்ளிச் சிறுவன். நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி கொஞ்சம் குறைந்தது. ஆனால் இன்ஜின் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது.

"கிளட்ச்ச மிதி! கிளட்ச்சு! பிரேக்க விடாத!"

அப்பாவின் குரல். இடதுகாலை அழுத்தினேன். இன்ஜின் ஊளையிடுவதுபோல் அலறியது, ஆனால் வண்டி நின்றது. அந்த மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் எங்கள் முன் பம்பருக்கும் இடையே ஒரு கை நீளம் இருந்திருக்கும். சிறுவன் திரும்பிப் பார்த்தான். நான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். கைகள் நடுங்கியதில் அபாய விளக்குப் பொத்தான் எங்கே என்றே தெரியவில்லை. அப்பாதான் கை நீட்டி அழுத்தினார்.

இதற்கெல்லாம் காரணம் 28 வெள்ளி விலையுள்ள ஒரு கேபிள்.

ஆட்டோவை மேனுவலாக்கிய கதை

எங்கள் வண்டி 1998-ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா 1.5, ஆட்டோ கியர். என் வயதுக்காரர்கள் பலர் இப்படி ஒரு வீராவின் பின்னிருக்கையில்தான் வளர்ந்திருப்பார்கள். 1993-இல் அறிமுகமாகி 2009 வரை தயாரிக்கப்பட்ட கார் அது. மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. பட்டறைக்காரர்களுக்கு இந்தக் காரின் ஒவ்வொரு திருகும் அத்துப்படி.

அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். சம்பாதித்த பணத்தில் அவர் தனக்கென்று வாங்கிய ஒரே வண்டி இந்த வீரா. அதனால்தான் ஆட்டோ கியர் வழுக்க ஆரம்பித்தபோது, "புதுசா ஒரு மைவி வாங்கிக்கலாம்பா" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

பட்டறையில் கேட்டோம். கியர் பெட்டியை முழுமையாகப் பிரித்துப் பழுது பார்த்தால் 3,000 ரிங்கிட்டைத் தாண்டும் என்றார்கள். பழைய மேனுவல் கியர் பெட்டி ஒன்றைப் போட்டு மாற்றினால் ஏறக்குறைய பாதிச் செலவு. அப்பாவின் முகம் அப்போதே மலர்ந்துவிட்டது. "மேனுவல்தான் வண்டி. ஆட்டோங்கறது பம்பரக் கார் மாதிரி" என்றார்.

இப்படி மாற்றும்போது கியர் பெட்டி மட்டும் மாறுவதில்லை. ஆட்டோவில் இருக்கும் டார்க் கன்வெர்டரும் அதைத் தாங்கும் மெல்லிய தகடும் போய், கனமான ஃப்ளைவீல் வரும். கிளட்ச் தட்டு, கிளட்ச் மிதி, கிளட்ச் கேபிள், புதிய கியர் கோல் எல்லாம் வரும். பி அல்லது என் நிலையில் இருந்தால் மட்டுமே இன்ஜினைக் கிளம்பவிடும் சுவிட்ச் நீக்கப்படும். அதனால் மாற்றிய பிறகு, வண்டி கியரில் இருந்தாலும் சாவியைத் திருப்பினால் துள்ளிக் குதிக்கும். கிளட்ச்சை மிதித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

எல்லோரும் என்றால் நானும் அப்பாவும்தான். தம்பியிடம் இருப்பது டிஏ உரிமம். ஆட்டோ மட்டும் ஓட்டலாம். கியர் பெட்டி மாறிய நாளிலிருந்து அவனுக்கு வீரா பார்வைக்கு மட்டும்தான்.

வேலை முடியும் நேரத்தில் போமன் அப்பாவிடம் ஒன்று கேட்டார்: "ஐயா, எண்ணெய் கேபிளையும் மாத்திடலாமா? பழசா இருக்கு."

அப்பா எட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. இதுவே போதும்" என்றார்.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். பில் ஏற்கெனவே நினைத்ததைவிடக் கூடியிருந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

எண்ணெய் கேபிள் என்ன செய்கிறது?

நாம் எண்ணெய் மிதி என்கிறோம். பட்டறைகளில் மலாய் கலந்து 'கேபல் மின்யாக்' என்பார்கள். உண்மையில் அந்த மிதி எண்ணெயை நேரடியாக ஊற்றுவதில்லை. இன்ஜினுக்குள் காற்று போகும் வழியில் வட்டமான ஒரு தகடு இருக்கிறது. மிதியை அழுத்தினால் கேபிள் இழுபட்டு அந்தத் தகடு திறக்கும். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதற்கேற்ப பெட்ரோலைத் தெளிக்கும் வேலையை வண்டியின் கணினி பார்த்துக்கொள்ளும். காலை எடுத்தால் ஒரு ஸ்பிரிங் அந்தத் தகட்டை மூடிவிடும்.

இப்போது வரும் கார்கள் பெரும்பாலானவற்றில் இந்தக் கேபிள் கிடையாது. மிதியில் ஒரு சென்சார், அந்தப் பக்கம் ஒரு சிறு மோட்டார். நடுவே வெறும் மின்கம்பிதான். ஆனால் வீரா, கஞ்சில், பழைய சாகா போன்ற வண்டிகளில் நம் காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருப்பது மெல்லிய இரும்பு இழைகளை முறுக்கிச் செய்த ஒரு கம்பிதான். அது ஓர் உறைக்குள் ஓடுகிறது. சைக்கிள் பிரேக் கம்பியைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வண்டி ஆட்டோவாக இருந்தபோது இன்னொரு கேபிளும் இருந்தது. காற்றுத் தகட்டிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் கேபிள் அது. ஓட்டுநர் எவ்வளவு அழுத்துகிறார் என்பதைக் கியர் பெட்டிக்குத் தெரிவிக்கும் வேலை அதற்கு. மேனுவலில் அதற்கு வேலையில்லை என்பதால் கழற்றிவிட்டார்கள். அது வெளியேறியபோது, இரண்டு கேபிள்களையும் சேர்த்துப் பிடித்திருந்த கவ்வியும் வெளியேறிவிட்டது. பிடிப்பில்லாமல் போன எண்ணெய் கேபிள் ரப்பர்க் குழாய் ஒன்றின் அடியில் மடங்கிக் கிடந்திருக்கிறது. ஏற்கெனவே வயதான கம்பி. ஒரே இடத்தில் மடங்கி மடங்கி, இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன. அறுந்த இழை சுருண்டு உறையின் வாயில் சிக்கிக்கொண்டது. நான் காலை எடுத்தபோது ஸ்பிரிங் இழுத்துப் பார்த்தது; கம்பி நகரவில்லை. தகடு பாதி திறந்தபடியே நின்றுவிட்டது.

இதையெல்லாம் சாலையோரத்தில் பானட்டைத் திறந்தபோதுதான் பார்த்தோம். கேபிளின் முனை தேய்ந்த துடைப்பம்போல் பிரிந்து கிடந்தது. அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இழுவை வண்டிக்கு ஃபோன் செய்யச் சொன்னார். வேறு எதுவும் பேசவில்லை.

மூன்று நாள் மௌனம்

அன்று மாலையும் பேசவில்லை. மறுநாளும் அப்படித்தான். அம்மா கேட்டதற்கு, "வண்டிய வித்துடலாம். பழைய இரும்புக்காரன் எவ்வளவு குடுத்தாலும் சரி" என்றாராம்.

எனக்குப் புரிந்தது. முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டி ஒரு விபத்துகூட ஏற்படுத்தாதவர் என்பதுதான் அப்பாவின் ஒரே பெருமை. கொண்டாட்ட வீடுகளில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரே விஷயமும் அதுதான். 'இதுவே போதும்' என்று தான் சொன்ன அந்தக் கேபிளால் மகளும் முன்னால் நின்ற ஒரு பையனும் என்னவாகியிருப்பார்கள் என்ற நினைப்புதான் அவரை அப்படி உட்கார வைத்திருந்தது.

அவருக்குக் கண்புரை. விரல்களிலும் நடுக்கம் வந்துவிட்டது. ஸ்பேனரைப் பிடித்தால் நட்டில் சரியாக உட்காராது. சனிக்கிழமை இரவு அவரிடம் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, நாளைக்கு நான் மாத்துறேன். நீங்க சொல்லிக் குடுங்க."

"பட்டறையில குடு. அவன் அரை மணி நேரத்துல போட்டுடுவான்."

"போடுவான். ஆனா எனக்குத் தெரியணும்பா. ஓட்டுறது நான்தானே."

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் பழைய பாயும் கருவிப் பெட்டியும் தயாராக இருந்தன.

கடையில் தொடங்கி

முதல் வேலை கழற்றுவது. அதற்குமுன் பழைய கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று கைப்பேசியில் நான்கு படங்கள் எடுத்துக்கொண்டேன். இன்ஜின் ஆறியிருந்தது. கை பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு ஆளுக்கொரு செங்கல் வைத்தோம்.

இன்ஜின் பக்கத்தில், காற்றுத் தகட்டோடு ஒரு சிறு வட்டு இருக்கிறது. கேபிளின் முனையில் உள்ள உருண்டை அந்த வட்டின் பள்ளத்தில் மாட்டியிருக்கும். கேபிளைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி, வட்டைக் கையால் திருப்பினால் கம்பி தொய்யும். அப்போது உருண்டையைப் பக்கவாட்டில் நழுவவிட்டு எடுத்துவிடலாம்.

காருக்குள் இருக்கும் முனைதான் சிரமம். ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளி, தலைகீழாக டேஷ்போர்டின் அடியில் படுக்க வேண்டும். மிதியின் மேல்நுனியில் ஒரு பிளவு இருக்கும். கம்பியின் முனை அதில் அமர்ந்திருக்கும். கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு, அப்பா வெளியிலிருந்து சொல்லச் சொல்ல அதைக் கழற்றினேன். பிறகு இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள இரும்புத் தடுப்பிலிருந்து கேபிளின் ரப்பர்ப் பிடிப்பை விடுவித்து, இன்ஜின் பக்கமாக இழுத்து வெளியே எடுத்தேன்.

அந்தப் பழைய கேபிளைக் கையிலேயே எடுத்துக்கொண்டு பாகங்கள் விற்கும் கடைக்குப் போனோம். இது முக்கியம். தவ்கே முதலில் கேட்ட கேள்வி: "ஆட்டோவா, மேனுவலா?" எங்கள் வண்டியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பதில் ஆமாம்தான்! முதலில் அவர் எடுத்துக் கொடுத்த கேபிளின் முனை ஒன்றுபோல் இருந்தது; ஆனால் மேசைமேல் பழையதோடு சேர்த்து வைத்தபோது உறை ஒரு சாண் குறைவு. இரண்டாவதாகக் கொண்டுவந்தது நீளம், முனை, திருகும் பகுதி எல்லாம் பொருந்தியது. பெயரை மட்டும் சொல்லி வாங்கியிருந்தால் மீண்டும் ஒருமுறை அலைந்திருப்போம். கூடவே இரண்டு பிளாஸ்டிக் கவ்விகளும் வாங்கினோம். புதிய கேபிளுக்குள் வழுவழுப்பான பூச்சு இருப்பதால் எண்ணெய் எதுவும் விட வேண்டாம், விட்டால் தூசுதான் சேரும் என்றார் தவ்கே.

ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்

மாட்டும்போது அப்பா மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

முதலாவது, வளைவு. கேபிள் எங்கேயும் சட்டென்று மடங்கக் கூடாது. ஆறு வளைவதுபோல் அகலமாக வளைந்து போக வேண்டும். சூடான பாகங்களையும், புதிதாக வந்த கிளட்ச் கேபிளையும் உரசக் கூடாது. கியர் பெட்டியோடு போய்விட்ட பழைய கவ்விக்குப் பதிலாக, புதிய கவ்விகளை இரண்டு இடங்களில் போட்டேன்.

இரண்டாவது, தொய்வு. கேபிளை வீணைத் தந்திபோல் இறுக்கிவிடக் கூடாது. இன்ஜின் தன் ரப்பர்த் தாங்கிகளில் லேசாக ஆடும். இறுக்கமாக இருந்தால் அந்த ஆட்டமே தகட்டை இழுத்துத் திறந்துவிடும். அதிகம் தொய்ந்தாலும் மிதியை முழுதாக அழுத்தினால்கூட தகடு முழுதாகத் திறக்காது. மேடு ஏறும்போது வண்டி சோர்ந்துவிடும். விரலால் தொட்டால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அசைவு இருக்க வேண்டும். நான் திருகை வைத்ததும் அப்பா தன் விரலை வைத்துப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம்." மறுபடியும் திருகு. "போதும்." கண் தெளிவாகத் தெரியாவிட்டாலும் அந்த ஒரு மில்லிமீட்டர் அவர் விரலுக்குத் தெரிந்தது.

மூன்றாவது, சோதனை. இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே செய்ய வேண்டியது. தம்பியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து மிதியைத் தரைவரை அழுத்தச் சொன்னோம். வட்டு கடைசிவரை திரும்புகிறதா என்று நான் பார்த்தேன். விட்டதும் 'டக்' என்று திரும்பி வந்து மோதுகிறதா என்று அப்பா காது கொடுத்துக் கேட்டார். இருபது முறை. "டிஏ உரிமத்துக்கு இந்த வேலை மட்டும் அனுமதியா?" என்று தம்பி முணுமுணுத்தான். அப்பா சிரித்தார். வியாழக்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தோம். ஓட்டுநர் பக்கத்துக் கால்விரிப்புக்கு மேல் அம்மா இன்னொரு விரிப்பு போட்டிருந்தார், மண் படக் கூடாது என்று. அதன் மேல்நுனி மிதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கேபிள் எவ்வளவு புதிதாக இருந்தாலும், விரிப்பு நகர்ந்து மிதியைப் பிடித்துக்கொண்டால் வியாழக்கிழமை நடந்ததே மறுபடியும் நடக்கும். இரண்டாவது விரிப்பு அன்றே வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

பிறகு இன்ஜினைக் கிளப்பினோம். நின்ற நிலையில் சத்தம் சீராக இருந்தது. ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும், இன்ஜின் சூடான பின் மறுபடியும் மிதித்துவிட்டும் பார்த்தோம். தாமானுக்குள் மெதுவாக இரண்டு சுற்று. வந்து நிறுத்தியதும் பானட்டைத் திறந்து கவ்விகள் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தோம். எல்லாம் முடிய மூன்று மணி நேரம் ஆனது. பட்டறையில் அரை மணி நேரம்தான். ஆனால் இப்போது அந்தக் கேபிள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கு நடந்தால்

இந்த வேலையை எல்லோரும் வீட்டில் செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல போமனிடம் கொடுப்பதில் தவறே இல்லை. கியர் பெட்டியை மாற்றுவது போன்ற பெரிய மாற்றங்களுக்கு முன்பு ஜேபிஜே-யிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுவிடுவது நல்லது. பெரிய வேலை ஒன்று முடிந்து வண்டியை எடுக்கும்போது, பழைய கேபிள்களில் எவை மாற்றப்பட்டன, எவை அப்படியே இருக்கின்றன, அவற்றின் கவ்விகள் எங்கே என்று கேளுங்கள். மிதி வழக்கத்தைவிடக் கனமாக இருந்தாலோ, சொரசொரவென்று நகர்ந்தாலோ, காலை எடுத்ததும் இன்ஜின் சத்தம் உடனே இறங்காவிட்டாலோ மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். எங்கள் வண்டியும் முந்தின வாரமே அப்படி இரண்டு முறை சொன்னது. நான்தான் புது கிளட்ச் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடும்போது எண்ணெய் மிதி சிக்கிக்கொண்டால், மேனுவலில் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ஆட்டோவில் என் நிலைக்குத் தள்ளுங்கள். இன்ஜின் அலறும், அலறட்டும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். இன்ஜின் முழு வேகத்தில் இருக்கும்போது விட்டு விட்டு மிதித்தால் பிரேக்குக்கான உதவி தீர்ந்து மிதி கல்லாகிவிடும். ஓரம்கட்டி நின்ற பிறகு இன்ஜினை அணையுங்கள். ஓடும்போதே சாவியைக் கடைசிவரை திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். அப்பா அன்று கத்திய ஐந்து சொற்களில் இதில் பாதி அடங்கியிருந்தது.

வீராவை விற்கும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. தவறவிட்ட கண் மருத்துவர் முன்பதிவுக்கு இரண்டு வாரம் கழித்து வேறு தேதி கிடைத்தது. அதே சாலை, அதே விளக்கு. சிவப்பு விழுந்தது. காலை எடுத்தேன், இன்ஜின் சத்தம் இறங்கியது. பக்கத்தில் அப்பாவின் இடதுகால், இல்லாத கிளட்ச்சைத் தேடித் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"ரோட்ட பாத்து ஓட்டு" என்றார்.

பழைய கேபிள் எங்கள் கார் நிறுத்துமிடச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா என்று அம்மா கேட்டார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். தம்பி அடுத்த மாதம் டி உரிமத்துக்குப் பதிந்துகொள்ளப் போகிறானாம். அவனுக்கு முதல் பாடம் அந்த ஆணியிலிருந்துதான் தொடங்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.